அரையாண்டு விவரமும் காகித விமானங்களும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது, தேர்ச்சி திருப்திகரம். விளையாட்டிலும் பேச்சுப் போட்டியிலும் பரிசு பெற்ற பிள்ளைகளுக்குப் பாராட்டுகள். குடிநீர்த் தொட்டி கழுவப்பட்டுவிட்டது.

இனி, காகித விமானம்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்ற ஆஸ்திரேலியப் படத்தைத் திரையிட்டோம். தாயை இழந்த சிறுவன் ஒருவன், துயரத்தில் முடங்கிப்போன தந்தை. ஒற்றைத் தாளை மடிக்கத் தெரிந்த கை, அந்தச் சிறுவனை டோக்கியோ போட்டி வரை கொண்டுபோகிறது. நல்ல படம். எங்கள் ஆசிரியர்களிலேயே சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவனியாபுரத்தில் நம் தலைக்கு மேல் நிஜ விமானமே தாழ்ந்து இறங்குகிறது; அதை நிமிர்ந்தும் பார்க்காத பிள்ளைகள் மறுநாளிலிருந்து விமானம் மடிப்பதே வேலையாக இருக்கிறார்கள்.

அதில் எங்களுக்குச் சந்தோஷமே. ஆனால் தாள் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அரசு தந்த விலையில்லாப் பாடநூலில் சமூக அறிவியலின் கடைசிப் பக்கங்கள் பல பிள்ளைகளிடம் இல்லை. மைதானத்தில் கிடந்த ஒரு விமானத்தைப் பிரித்தால், அது மதிப்பெண் அட்டை. பெற்றோர் கையொப்பமிடும் இடம் காலி. யாருடையது என்று இங்கே எழுதவில்லை. வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சென்ற வாரம் ஒரு மாணவன், சன்ஷேடில் விழுந்த விமானத்தை எடுக்க மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி இறங்கியிருக்கிறான். ஆசிரியை பார்த்துச் சட்டையைப் பிடித்து இழுத்ததால் தப்பினான். இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. இனி மாடியிலிருந்து விமானம் வீசும் பிள்ளையின் பெற்றோர் மறுநாள் காலை என் அறைக்கு வர வேண்டும். வேலை, வெளியூர் என்ற காரணங்கள் ஏற்கப்படமாட்டா.

உயரத்திலிருந்து வீசினால்தான் வெகுதூரம் போகும் என்று பிள்ளைகள் வாதாடுகிறார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்கப் பொறியாளர்கள் மூவரின் காகித விமானம் 88 மீட்டருக்கு மேல் பறந்து உலக சாதனை படைத்தது. அதுவும் தரையில் நின்று வீசியதுதான். இதை வீட்டிலும் எடுத்துச் சொல்லுங்கள்.

‘படம் போட்டதால் வந்த வினை, இனி வேண்டாம்’ என்று சிலர் தொலைபேசியில் சொன்னீர்கள். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் படக்காட்சியை நிறுத்தப்போவதில்லை. வெள்ளிக்கிழமை மாலை, கடைசிப் பாடவேளையில், மைதானத்தில் விமானம் விடலாம். ஒருபக்கம் எழுதிய பழைய தாள் மட்டும். தூரத்தை உடற்கல்வி ஆசிரியர் நாடாவால் அளப்பார்.

கேட்காமலேயே அச்சகத்திலிருந்து ஒரு கட்டு வீண்தாள் கொண்டுவந்து கொடுத்த தந்தைக்கும், கிழிந்த பாடநூல்களை ஒட்டித் தைத்துத் தந்த தாய்மார்களுக்கும் மனமார்ந்த நன்றி. அந்த மதிப்பெண் அட்டை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கையொப்பமிட எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியை