ஆறுதல் பரிசு வந்ததும் அம்மா எழுதியது

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சிறுகதைப் போட்டியில் ஆறுதல் பரிசுதான் கிடைத்தது என்று போனில் சொன்னபோது உன் குரலே சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் பரிசு வாங்கிய கதையையும் படித்தேன் ஐயா. பரிசு சரியான ஆளுக்குத்தான் போயிருக்கிறது. அது ஒரே சாயங்காலத்துக் கதை. நீ ஐந்து பக்கத்தில் மூன்று தலைமுறையைச் சொல்லி, கடைசியில் ஒரு திருப்பமும் வைத்துவிட்டாய். ஆனால் ஆச்சி பீடிக் கடையில் நிற்கும் இடம் இருக்கிறதே, அதைப் படித்து அழுதுவிட்டேன். இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி ராத்திரியெல்லாம் அவள் சேர்த்த கட்டுகளைக் கடைக்காரர் பிரித்துப் பார்த்து, பாதியைக் கழித்துப் போடுகிறார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் மறுநாளைக்கு இலை வாங்கி வருகிறாள். அதை நாலே வரியில் ஓட்டிவிட்டாயே! கதையே அங்கேதான் இருக்கிறது.

அப்புறம், ஆச்சி "என்ன செய்கிறாய்?" என்றா பேசுவாள்? "என்னல செய்யுத?" என்று எழுது. நடுவருக்குப் புரியுமோ என்று பயப்படாதே. புதுமைப்பித்தன் 1930-களிலேயே நம்ம திருநெல்வேலிப் பேச்சைக் கதையில் எழுதிவிட்டார்.

போட்டி விதிகளை மட்டும் வரிக்கு வரி படி. கதைத்தாளில் பெயர் போடக் கூடாது என்றால் போடாதே. சொந்தக் கற்பனை, வேறெங்கும் வெளிவரவில்லை என்று உறுதிமொழி கேட்டிருந்தால் மறக்காமல் வை. முடிவு வருவதற்குள் கதையை முகநூலில் போட்டுவிடாதே, அதையும் வெளியானதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஒரே கதையை இரண்டு போட்டிக்கு அனுப்பவும் வேண்டாம்.

நம்ம வண்ணதாசன் 1962-லிருந்து எழுதுகிறார். சிறுகதைத் தொகுப்புக்குச் சாகித்ய அகாதமி விருது வந்தது 2016-ல். அதுவரை விருதுக்காகக் காத்துக்கொண்டா இருந்தார்? எழுதிக்கொண்டேதான் இருந்தார். உனக்கு இப்போதுதானே இருபத்தாறு.

பொங்கலுக்கு வரும்போது அந்தக் கடைக் காட்சியை மட்டும் வைத்து ஒரு கதை எழுதிக் கொண்டு வா. பீடி சுற்றுவதில் ஏதாவது சந்தேகம் என்றால் போன் பண்ணு, ஆச்சியிடமே கொடுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா
முக்கூடல்