ஒரு பத்திக்கு ஒரு கேள்வி

அன்புள்ள கோமதி,

கடிதமும் கட்டுரையும் கிடைத்தன. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளாமே, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இங்கே புதிதாக ஒன்றுமில்லை. மந்தைவெளியில் மெட்ரோவுக்காக இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். காய்கறி வாங்கப் போவதற்கே ஊரைச் சுற்ற வேண்டியிருக்கிறது.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். சென்னைத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல உன்னிடம் நிறைய இருக்கிறது. ஆனால் 2015 வெள்ளம், 2019 வறட்சி, உன் பாட்டி வீட்டுக் கிணறு, லாரிக்காரரின் அடாவடி எல்லாம் ஒரே பத்தியில் முண்டியடிக்கின்றன. எதைச் சொல்ல வருகிறாய் என்று பிடிபடவில்லை.

"வெள்ளத்தில் மூழ்கிய ஊருக்கு நான்கே வருடத்தில் ரயிலில் தண்ணீர் வந்தது" என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதைத் தூக்கி முதலில் வை. படிப்பவர் உடனே 'அதெப்படி?' என்பார். பத்தி முழுக்க அந்தக் கேள்விக்கு விடையாக இருந்தால் போதும். 2015-இல் கொட்டியதில் பெரும்பகுதி அடையாறு, கூவம் வழியாகக் கடலுக்குப் போய்விட்டது. நமக்கு மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். 2018-இல் அது பொய்த்தது. அதனால் அடுத்த கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நகரத்துக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. ஒன்றிலிருந்து அடுத்தது தானாகக் கிளம்புகிறது பார். 'மேலும்', 'அதுமட்டுமல்லாமல்' என்றெல்லாம் ஒட்டுப்போட வேலையே இல்லை.

அப்புறம், '50 வேகன், 25 லட்சம் லிட்டர்' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிட்டாய். கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் தட்டுப்பாட்டின் உச்சத்தில்கூட நகரத்துக்குத் தினமும் 50 கோடி லிட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. இதைப் பக்கத்தில் வைத்தால்தான் அந்த ரயில் எவ்வளவு சின்னது என்று தெரியும். ஆதாரத்தைக் காட்டிய கையோடு அது எதைக் காட்டுகிறது என்பதையும் சொல்லிவிடு. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள்.

கிணற்றுக்குத் தனிப் பத்தி கொடு. நீ எழுதியதிலேயே அதுதான் நன்றாக இருக்கிறது, கயிறு தேய்ந்த கல் உட்பட. நீளமாகப் போனாலும் பரவாயில்லை. பள்ளியில் சொன்ன ஐந்து வரிக் கணக்கு இங்கே எதற்கு? லாரிக்காரரை வெட்டிவிடலாம். கோபம் நியாயம்தான், ஆனால் முதல் வரி கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

திருத்தியதும் தாளிலேயே அனுப்பு. போனில் படித்தால் எனக்குக் கண் எரிகிறது.

அன்புடன்,
வசந்தா