மாப்ள, பெல்ட்ட நானே மாத்திட்டேன்

டேய் மாப்ள,

எப்படி இருக்க, தங்கச்சி எப்படி இருக்கா, பாப்பா லைசென்ஸ் எடுத்துட்டாளாமே, ரொம்ப சந்தோஷம். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், என் வீட்டுக்காரி, அதான் உன் தங்கச்சி, மட்டும் என்மேல கொஞ்சம் கடுப்புல இருக்கா, காரணம் கீழ வருது. ரொம்ப நாளா லெட்டர் இல்லன்னு நீ ஆரம்பிக்காத, நீயும் போடல, கணக்கு சரியாப் போச்சு.

விஷயம் என்னன்னா, நம்ம கார்ல டைமிங் பெல்ட்ட வீட்டு ஷெட்லயே வச்சு நானே மாத்திட்டேன். சிரிச்சு முடிச்சிட்டு மேல படி. நீ உடனே மொட்டையோட மொபெட்ட இழுப்பன்னு தெரியும், அது வேற கேஸ், அதுல நீயும்தான் இருந்த.

ஏன் இந்த வேண்டாத வேலைன்னு கேப்ப. பெல்ட்டுக்கு ரெண்டு கணக்குடா, ஓட்டின தூரம் ஒண்ணு, வயசு ஒண்ணு, எது முன்னாடி வருதோ அதான் கெடு. சில இன்ஜினுக்கு 60,000 கிலோமீட்டர், நிறைய வண்டிக்கு 1,00,000 பக்கம், சிலதுக்கு 1,60,000 வரைக்கும் கூட குடுத்திருக்கான், ஆனா ஷெட்லயே நின்னாலும் ரப்பருக்கு வயசாகும்ல. என்னோடதுக்கு வயசுக் கெடு வந்துடுச்சு. ஒர்க்‌ஷாப்ல ஒருத்தர்கிட்ட காட்டினா மேல் கவர கொஞ்சம் நெம்பி விரலால தடவிப் பாத்துட்டு "புதுசு மாதிரி இருக்கு சார், இன்னும் நல்லா ஓடும்"னார். எனக்கு அங்கதான் சுர்ருன்னு ஏறுச்சு. இப்ப வர்ற பெல்ட் எல்லாம் பழைய ரப்பர் மாதிரி வெடிப்பு விட்டு காட்டிக் குடுக்காது மாப்ள, உள்ள ஓடுற கண்ணாடி இழை நைஞ்சு போறதோ பல்லோட அடி விட்டுப் போறதோ தடவிப் பாத்தா எங்க தெரியப் போகுது. அதுவும் நிறைய கேஸ்ல பெல்ட் முதல்ல போறதே இல்ல, டென்ஷனர் (பெல்ட்ட விறைப்பா வச்சிருக்கற உருளை) பேரிங்கோ வாட்டர் பம்ப்போ இறுகிப் போயி பெல்ட்ட சேத்து இழுத்துட்டுப் போயிடும். அதத் தொட்டே பாக்காம இவரு சர்டிஃபிகேட் குடுக்கறாரு.

அறுந்தா என்ன ஆயிடும்னு கேட்டியே போன்ல, அப்ப டக்குனு சொல்ல வரல. கீழ கிராங்க், அதாவது பிஸ்டன் சுத்த வைக்கற தண்டு, மேல கேம், அதாவது காத்தும் புகையும் போற வால்வுகளத் தொறந்து மூடற தண்டு, ரெண்டையும் இந்த ஒத்த பெல்ட்தான் சேத்துக் கட்டியிருக்கு, கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து, அந்தக் கணக்கு ஒரு பல்லு கூட பிசகக் கூடாது. 3000 ஆர்பிஎம்ல போறன்னு வை, செகண்டுக்கு 50 சுத்து, ஒவ்வொரு வால்வும் 25 தடவை இறங்கி ஏறுது. நிறைய இன்ஜின்ல பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடம் ஒண்ணுதான், நாலு பேரு ஒத்தக் கட்டில்ல ஷிஃப்ட் போட்டுத் தூங்கினோமே அந்த மாதிரி, ஒருத்தன் எந்திரிச்ச பிறகுதான் இன்னொருத்தன் படுக்கணும். பெல்ட் அறுந்த நொடியில கேம் நின்னுடும், ஏதோ சில வால்வு தொறந்தபடியே தொங்கும், வண்டி ஓடுற வேகத்துல பிஸ்டன் மட்டும் மேல வந்து வந்து அடிக்கும். வால்வு வளைஞ்சிடும், இன்ஜினோட மேல் பாகம் ஹெட்ட இறக்கணும், அதிர்ஷ்டம் கெட்டா பிஸ்டனும் போகும். எல்லா இன்ஜினும் இப்படி இல்ல, சிலதுல நடுவுல இடம் விட்டிருப்பான், அறுந்தா வண்டி நிக்கும், அவ்ளோதான். உன்னோடது எந்த ரகம்னு மேனுவல பாத்துக்க.

சரி, வேலைக்கு வர்றேன். பெல்ட் பக்கத்து முன் வீல கழட்டி உள் பிளாஸ்டிக்க எடுத்தா கிராங்க் புல்லி எதிர்ல நிக்கும். அது நடுவுல ஒரு போல்ட் இருக்கே, அதான் மாப்ள பாதி வேலை. சில இன்ஜின்ல 200 நியூட்டன் மீட்டருக்கு மேல இறுக்கியிருப்பான், போதாததுக்கு வருஷக்கணக்கா சூட்டுல வெந்து கிடக்கு. நம்ம சித்தப்பு போன்லயே ஒரு ஐடியா குடுத்தான், போல்ட்ல மாட்டின நீட்டு இரும்பு பார தரையில முட்டுக் குடுத்துட்டு சாவிய ஒரு தட்டு தட்டுடா, ஸ்டார்ட்டர் மோட்டாரே கழட்டிக் குடுத்துடும்னு. நிறைய பேரு அப்படித்தான் பண்றாங்க, ஆனா பார் நழுவினா எந்தப் பக்கம் பறக்கும்னு சித்தப்புகிட்ட கேட்டேன், லைன் சரியில்லன்னு வச்சுட்டான். நான் பேட்டரி மைனஸ கழட்டிட்டுத்தான் கிட்டயே போனேன். அஞ்சாவது கியர்ல போட்டு, உன் தங்கச்சிய டிரைவர் சீட்ல உக்கார வச்சு பிரேக்க அமுக்கிப் பிடிக்கச் சொல்லி, பிரேக்கர் பார்ல ஒரு நீட்டு பைப்ப சொருகித் தொங்கினேன். அசையல. எண்ணெய் ஸ்ப்ரே அடிச்சு ஊற விட்டு மறுபடி தொங்கினேன், அவ உள்ளருந்து "இன்னும் எவ்ளோ நேரம்ங்க, கால் மரத்துப் போச்சு"ன்னு கத்தறா, திடீர்னு "டொக்"குனு ஒரு சத்தம், போல்ட் தலையே போச்சுன்னு நெஞ்சு நின்னுடுச்சு, பாத்தா இளகியிருக்கு. மதியம் பூரா பிரேக்க மிதிச்சுக்கிட்டு உக்காந்ததுக்குத்தான் இந்தக் கடுப்பு. இந்த போல்ட்ட மார்க் வைக்கறதுக்கு, அதாவது கேம், கிராங்க் அடையாளத்த நேரா நிறுத்தறதுக்கு முன்னாடியே இளக்கி வச்சுடணும், மார்க் வச்ச பிறகு இதோட மல்லுக்கட்டினா எல்லாம் ஆடிப் போயிடும்.

ஒண்ணு மட்டும் சீரியஸா சொல்றேன். ஜாக்கிய நம்பி வண்டிக்கு அடியில ஒரு கை கூட விடாத. ஸ்டாண்ட் போடு, பின் வீலுக்கு கட்டை போடு, ஆட்டிப் பாரு, அப்புறம் போ. அண்ணாச்சிக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியும், அத நான் திரும்ப எழுதல. நிறைய வண்டில ஒரு பக்க இன்ஜின் மவுண்ட்ட கழட்டாம பெல்ட் வெளிய வராது, அப்ப ஆயில் சம்ப்புக்கு, அதான் இன்ஜின் அடியில ஆயில் நிக்கற தொட்டிக்கு, அடியில பலகை வச்சு இன்னொரு ஜாக்கியால இன்ஜினத் தாங்கணும், பலகை இல்லாம வச்சா சம்ப் நசுங்கிடும்.

மார்க் வைக்கறது நான் பயந்த அளவுக்கு இல்ல. ஸ்பார்க் பிளக் எல்லாம் கழட்டிட்டா கையாலயே சுத்தலாம், எதிர்ப்பு ரொம்பக் கம்மி. முதல் சிலிண்டர் பிஸ்டன் மேல வரணும், ஆனா அது ஒரு சுழற்சிக்கு ரெண்டு தடவை மேல வரும்ல, எது சரின்னு கேம் மார்க்தான் சொல்லும், கேம் மார்க் எதிர்ப்பக்கம் நின்னா கிராங்க இன்னொரு சுத்து சுத்து. சுத்தறது எப்பவும் இன்ஜின் ஓடுற திசையிலதான், பெரும்பாலும் கடிகாரம் சுத்தற பக்கம், பழைய ஹோண்டா இன்ஜின் நிறைய தலைகீழா சுத்தும், அதையும் பாத்துக்க. டென்ஷனர இளக்கி பழைய பெல்ட்ட உருவினேன் பாரு, கேம் தானாவே "டக்"குனு ஒரு துள்ளு துள்ளிச்சு, யாரும் தொடல. வால்வு ஸ்பிரிங் தள்ளுதுன்னு படிச்சிருக்கேன், இருந்தாலும் கண்ணு முன்னாடி நடக்கறப்ப வயிறு கலங்கிடுச்சு. ஸ்பேனர் போட்டு மெதுவா அந்த இம்மி தூரம் திரும்பக் கொண்டு வந்து மார்க்ல நிறுத்தினேன். கேமையும் கிராங்கையும் அசையாம லாக் பண்ற டூல் இருந்தா இந்த நாடகமே வேண்டாம். சில இன்ஜின்ல கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்கு (பெல்ட் மாட்டற பல் சக்கரம்) நழுவாம பூட்டற இரும்புத் துண்டு, கீயே கிடையாது, போல்ட் பிடிப்புலதான் நிக்கும், அதுக்கு லாக் டூல் இல்லாம தொடவே கூடாது.

புது பெல்ட்ட பழசு பக்கத்துல போட்டு பல்ல எண்ணிப் பாத்தேன், அகலம் பாத்தேன். அத மடிக்கக் கூடாது, உள்வெளியா திருப்பக் கூடாது, ஸ்குரு டிரைவர் வச்சு நெம்பவே கூடாது, உள்ள இருக்கற இழை அங்கயே முறியும், கையில எண்ணெய் இருந்தா துடைச்சுட்டுத் தொடணும். கிராங்க்லருந்து ஆரம்பிச்சு டென்ஷனர் இல்லாத பக்கம் விறைப்பா இருக்கற மாதிரி மாட்டிக்கிட்டே வந்து, தொய்வு எல்லாத்தையும் டென்ஷனர் பக்கம் தள்ளி விடணும். கிராங்க்ல 20 பல்லுன்னு வை, ஒரு பல்லு தப்பினா 18 டிகிரி தப்பு, வண்டி உதறும், செக் இன்ஜின் லைட்டு வந்து, கேமும் கிராங்கும் ஒத்துப் போகலன்னு பி0016 மாதிரி கோடு காட்டலாம்.

இப்ப நான் உறைஞ்சு போன இடம். புது பெல்ட்ல வெள்ளைக் கோடு போட்டு வந்திருந்துச்சு, ஒரு கோடு கேம் மார்க்குக்கு நேரா, ஒண்ணு கிராங்க்குக்கு நேரா, கண்ணுல ஒத்திக்கிற மாதிரி உக்காந்துச்சு. டென்ஷன் வச்சு, கையால மெதுவா ரெண்டு சுத்து சுத்திட்டுப் பாக்கறேன், வெள்ளைக் கோடு எங்கயோ ஓடிப் போயிருக்கு! போச்சுடா, மறுபடி முதல்லருந்தான்னு கீழ உக்காந்துட்டேன். அப்புறம்தான் உறைச்சது, கிராங்க் ரெண்டு சுத்துக்கு பெல்ட் முழுசா ஒரு ரவுண்டு வராது, அதோட நீளக் கணக்கு வேற, கோடு மாட்டறப்ப உதவறதுக்கு மட்டும்தான். பாக்க வேண்டியது இரும்புல இருக்கற மார்க்க. பாத்தேன், கேமும் கிராங்கும் அச்சு பிசகாம நிக்குது. இந்த ரெண்டு சுத்த யார் என்ன சொன்னாலும் விட்டுடாத, நடுவுல எங்கயாவது கெட்டியா இடிச்சா பலம் குடுக்காத, அது பிஸ்டன் வால்வ தொடுற இடம், நிறுத்திட்டு மார்க்க மறுபடி பாரு.

டென்ஷனர், பெல்ட்டுக்கு வழி காட்டற உருளை ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாம் சேத்தே போட்டுட்டேன், பம்ப்ப இதே பெல்ட்தான் சுத்துதுன்னா திரும்ப இவ்வளவையும் எவன் பிரிப்பான். ஆயில் வெளிய வராம தடுக்கற கேம் சீல் லேசா கசிஞ்சிருந்துச்சு, அதையும் மாத்தினேன், ஆயில் பட்டா பெல்ட் ஊதிடும். முதல் ஸ்டார்ட்ல எந்த சத்தமும் இல்ல. ரொம்ப இறுக்கமா இருந்தா ஊளையிடும், தொளதொளன்னு இருந்தா கவர்ல அடிக்கும்.

மொட்டை கேக்கறான், ரப்பர வச்சு இன்ஜின ஓட்டச் சொன்னது யாருடான்னு. 1962லயே ஜெர்மனில கிளாஸ் 1004ன்னு ஒரு குட்டிக் கார்ல வந்துடுச்சுடா. ஃபெராரிக்கு வி12ன்னு பன்னெண்டு சிலிண்டர் இன்ஜின் வரைஞ்ச அவுரேலியோ லாம்ப்ரெடி 1966ல ஃபியட் 124 ஸ்போர்ட்டுக்கு இன்ஜின் வரைஞ்சப்ப பெல்ட்டத்தான் போட்டாரு, சத்தம் கம்மி, எடை கம்மி, உள்ள ஆயில் வேண்டாம். நேரத்துக்கு மாத்தினா ஒரு குறையும் இல்ல.

நான் இவ்வளவு எழுதறதுக்குக் காரணமே உன் வண்டிதான். செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்க, சர்வீஸ் புக் இல்ல, கேட்டா "அதெல்லாம் பெல்ட் இல்ல, செயின்தான்"ங்கற. யாரு சொன்னது, வித்தவன்தானே? அவன் ஏசி நல்லா வேலை செய்யுதுன்னும் சொன்னான். பானெட்ட தொறந்து இன்ஜின் ஓரத்தப் பாரு, துண்டு துண்டா பிளாஸ்டிக் கவர் இருந்தா அனேகமா பெல்ட், கேஸ்கெட் போட்டு மூடின இரும்பு இல்ல அலுமினியக் கவர்னா செயின். சில புது இன்ஜின்ல பெல்ட்டே ஆயிலுக்குள்ள ஓடுது, அதுக்கு இந்த அடையாளம் செல்லாது, இன்ஜின் நம்பர வச்சுத்தான் தேடணும். மாத்தினவன் யாராச்சும் இருந்தா கவர்ல தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான், அதுவும் இல்லன்னா மாத்தலன்னே எடுத்துக்க.

மாப்ள, விளையாட்டில்ல இது. பாப்பா அத எடுத்துக்கிட்டு ஹைவேல போறாங்கற. ஸ்பீடுல இன்ஜின் செத்தா நிறைய வண்டில ஸ்டீயரிங் கனத்துடும், பிரேக் ஒண்ணு ரெண்டு மிதி நல்லா பிடிக்கும், அதுக்கப்புறம் முழு பலத்தையும் போட்டு மிதிக்கணும், பின்னாடி லாரி வர்றப்ப புதுசா ஓட்டக் கத்துக்கிட்டவளுக்கு இது தெரியுமா? வால்வு வளைஞ்சா வளைஞ்சுட்டுப் போகுது, இரும்புதானே. தெரியற வரைக்கும் அவகிட்ட சாவி குடுக்காத. கோவிச்சுக்கிட்டா மாமா சொன்னார்னு என்மேல போட்டுடு.

கவர் போட்டோவும் இன்ஜின் நம்பரும் அனுப்பு, எந்த கிட்னு பாத்துச் சொல்றேன். பெல்ட்னா உன்னால முடியும், முடியாதுன்னா தெரிஞ்ச கையில குடு, ஆனா டென்ஷனரோட சேத்து மாத்தினானான்னு பழச கையில வாங்கிப் பாத்துட்டு வா. எவ்ளோ இறுக்கறோம்னு அளந்து காட்டற டார்க் ரெஞ்ச் என்கிட்ட இருக்கு, அனுப்பறேன். புல்லி பிடிக்கற டூல் மொட்டைகிட்ட இருக்கு, நான் கேட்டா தர மாட்டான், நீயே கேளு, எனக்குன்னு மட்டும் சொல்லிடாத.

உன்
நெட்டை