பெரியப்பாவிடம் கேட்டு எழுது

அஞ்செட்டி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்து படியேறத் தொடங்கிவிட்டார்கள் என்று படித்ததும் மனசு லேசானது. பெரியவன் வனவியல் படிக்க ஆசைப்படுகிறான் என்றால் தாராளமாகப் படிக்கட்டும், மேட்டுப்பாளையத்தில் நல்ல கல்லூரி இருக்கிறது. கணக்கை மட்டும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள். இந்தத் துறையில் இப்போது அதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

காட்டில் சுற்றுகிறாயா, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாயா என்று கேட்டிருந்தாய். இரண்டும்தான். இப்போது கையில் எடுத்திருப்பது சாம்பல் நிற மலை அணில். காவிரிக் கரை மரங்களில் கூடு கட்டி, கிளைக்குக் கிளை தாவியே வாழ்க்கையை ஓட்டும், தரைக்கு அரிதாகத்தான் இறங்கும். அணிலைப் பார்த்த இடங்களை ஒரு பக்கமும், மழை, வெப்பம் சார்ந்த 19 வரைபட அடுக்குகளை இன்னொரு பக்கமும் வைத்து மேக்ஸென்ட் என்ற மென்பொருளிடம் கொடுப்போம். 2006இல் வெளியான ஒரு கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவிய முறை இது. அணில் இருக்கும் இடங்களின் தன்மையைக் கற்றுக்கொண்டு, அதே மாதிரி இடங்கள் வேறெங்கே என்று வரைபடத்தில் சிவப்பு நிறம் தீட்டிக் கொடுக்கும். இந்தக் கணிப்பைத்தான் மாடல் என்கிறோம்.

அந்த அடுக்குகளில் ஒரு கட்டம் என்பது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலம். கரையோர நீர்மருது மர வரிசையோ பல இடங்களில் ஒரு கல்லெறி தூரம்கூடத் தேறாது. ஒகேனக்கல் பக்கம் ஆற்றைவிட்டு மேலே ஏறிப் பார், சட்டென்று பாறையும் உசில், ஆச்சா மரங்களுமாகக் காய்ந்த சரிவு வந்துவிடும். மழைக் கணக்கில் இரண்டும் ஒரே இடம்தான். அணிலுக்கு அப்படியா? கரையில் நாலு மருதமரம் விழுந்து கிளைத் தொடர்பு அறுந்தால் அதற்கு வழியே அடைபட்டுப் போகும். வரைபடம் அப்போதும் அதே சிவப்பில்தான் இருக்கும். ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், மரங்களின் விதானம் எவ்வளவு அடர்த்தி என்பதைச் சேர்த்த பிறகுதான் நிறம் ஆற்றோரமாகச் சுருங்குகிறது. ஒன்றுக்கு 0.9க்கு மேல் மதிப்பெண் வந்தால் மாடல் பிரமாதம் என்பார்கள். தென்னிந்தியா முழுவதையும் பின்னணியாக வைத்து ஓட்டினால், ஆற்றோரத்தில் மட்டும் வாழும் ஓர் உயிருக்கு அந்த மதிப்பெண் தானாகவே ஏறிவிடும். அதனால் எண்ணைப் பார்த்து நான் நிம்மதி அடைவதில்லை. சிவப்பு காட்டும் இடத்துக்கு நடந்து போய்ப் பார்க்கிறேன்.

அப்புறம், உன் உதவி தேவைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். 1972இல் தொடங்கிய லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்களை 2008 முதல் இலவசமாகத் தருகிறார்கள். அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் காட்டின் பசுமை கூடியதா குறைந்ததா என்று கணக்கிடலாம். ஆனால் வானத்திலிருந்து பார்க்கும்போது புல்வெளி புதராக மாறினாலும் பசுமை கூடியதாகத்தான் பதிவாகும். நாட்றாபாளையம் பக்கம் அப்படிப் பசுமை கூடியதாகக் காட்டிய ஓர் இடத்துக்குப் போயிருந்தேன். எங்கும் உண்ணிச்செடி, லாண்டனா என்கிறார்களே அந்த முட்புதர். முள் கையைக் கீற, புதரை விலக்கிப் பார்த்தால் அடியில் சருகும் வெறும் மண்ணும்தான், ஒரு புல் நுனிகூட இல்லை. மாடு தின்றால் நஞ்சு, ஆனால் பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்பிக்கொண்டே இருக்கின்றன. இந்தியக் காடுகளில் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் அது பரவியிருப்பதாக 2020இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. யானைகள் ராகி வயலுக்கு வருவதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் காட்டுக்குள் புல் இல்லாமல் போனதைக் கணக்கில் எடுக்காமல் யானையைப் பற்றி மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்தப் புல் எப்போது போனது என்று எந்தப் படத்திலும் தெளிவாக இல்லை. உன் பெரியப்பா நம் பக்கத்து ஆலம்பாடி இன மாடுகளோடு காட்டுப் பட்டியில் தங்கியவர் அல்லவா? எந்தெந்தச் சரிவில் மேய்ச்சல் நன்றாக இருந்தது, உண்ணிச்செடியை முதலில் எங்கே பார்த்தார், அந்தக் காலத்தில் கோடையில் தரைத்தீ வைப்பார்களா, அது எப்போது நின்றது என்று கேட்டுச் சொல். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினர், தீ வைப்பது நின்ற பிறகுதான் உண்ணிச்செடி பெருகியது என்கிறார்கள். நம் பக்கமும் அப்படித்தானா என்று தெரிந்தால் மாடலில் தீயையும் ஓர் அடுக்காகச் சேர்ப்பேன். ஆண்டு சரியாக நினைவில்லை என்றாலும் பரவாயில்லை. யாருடைய கல்யாணத்துக்கு முன்னால், எந்தப் பஞ்சத்துக்குப் பின்னால் என்று சொன்னாலே எனக்குப் போதும்.

பொங்கல் விடுமுறையில் பாலக்கோடு வருகிறேன். அவரால் நடக்க முடியும் என்றால் பழைய பட்டி இருந்த இடம்வரை வண்டியில் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லலாம். வனத்துறை அனுமதியை நான் வாங்கி வைக்கிறேன். அவருக்கு எந்த நாள் தோதுப்படும் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி