அக்காவுக்கு: கிரீடம் இருக்கட்டும்

அக்கா,

போனில் ஆரம்பித்தால் "சரி, சரி" என்று வைத்துவிடுவாய். நேரில் வந்தால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் இங்கே, எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். இதுவும் ஊருக்கெல்லாம் கேட்கத் தாரை ஊதுகிற வேலைதானே என்று கேட்பாய். ஆமாம், அதுதான். வேறு வழி தெரியவில்லை.

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எந்தக் காகிதம் என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. சித்தப்பா வீட்டில் இதைப் படித்துவிட்டு யாரும் யாருக்கும் போன் போடாமல் இருந்தால் புண்ணியமாகப் போகும்.

நான் எழுத உட்கார்ந்தது அம்மா இறந்த முதல் வருஷ நினைவு ஜெபத்தில் நான் பேசியதைப் பற்றி. நீ நடுவில் எழுந்து பின்பக்கம் போய்விட்டாய். கொஞ்ச நேரத்தில் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. நான் அப்போது ஐந்து கிரீடங்களில் மூன்றாவதில் இருந்தேன். அழிவில்லாத கிரீடம், மகிழ்ச்சியின் கிரீடம், நீதியின் கிரீடம், ஜீவகிரீடம், மகிமையுள்ள வாடாத கிரீடம் என்று வரிசையாகச் சொல்லி, கிரீடம் என்றதும் நமக்கு ராஜா தலைதான் ஞாபகம் வருகிறது, பவுல் எழுதினதோ ஸ்டெஃபானோஸ் என்கிற கிரேக்க வார்த்தை, ஓட்டத்தில் ஜெயித்தவன் தலையில் வைக்கிற இலைவளையம், கொரிந்துவுக்குப் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடந்த இஸ்த்மியப் போட்டியில் கொடுத்தது சீக்கிரமே வாடிப்போகிற தழை, அதனால்தான் அதை 'அழிவுள்ள கிரீடம்' என்கிறார் என்று விளக்கினேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். இந்த இடத்தில் எப்போதும் ஆட்டுவார்கள். எனக்கும் அது தெரியும்.

முடிக்கும்போது உன்னைச் சொன்னேன். இந்த வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், அவள் செய்ததற்கு இந்த உலகத்தில் ஈடு கிடையாது, அவள் பலன் பரலோகத்தில் மிகுதியாயிருக்கும் என்றேன். என் குரல் உடைந்தது. நிஜமாகவே உடைந்தது, நடிப்பில்லை. நாலு பேர் கண்ணைத் துடைத்தார்கள். வெளியே வரும்போது ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என் கையை.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மத்தேயு ஆறாம் அதிகாரம், மனுஷர் காணவேண்டுமென்று தர்மம் செய்கிறவர்களைப் பற்றி, "அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது". அந்த 'அடைந்து தீர்ந்தது' இருக்கிறதே, மூலபாஷையான கிரேக்கத்தில் அது அந்தக் காலத்துப் பாப்பிரஸ் என்கிற நாணல் தாள் ரசீதுகளில் வருகிற வார்த்தை. முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன், இனிப் பாக்கி ஒன்றுமில்லை என்று அர்த்தம். இதையும் நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன், அதற்கும் தலையாட்டு வாங்கியிருக்கிறேன். நீ குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய், நான் வாசலில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கைகுலுக்கல் வாங்கிக்கொண்டிருந்தேன், ரசீதில் கையெழுத்து என்னுடையது.

இந்த விசுவாசமே வெறும் பேச்சு என்று நான் சொல்ல வரவில்லை. படிக்கிறவர்கள் அப்படி எடுத்துக்கொண்டு எனக்காக ஜெபிக்க ஆரம்பிக்க வேண்டாம். கொடுத்த ஒரு கலசம் தண்ணீருக்கும் பலன் உண்டு என்று சொன்னவர் பொய் சொல்ல மாட்டார். உங்கள் அன்புள்ள பிரயாசத்தை மறந்துவிட தேவன் அநீதியுள்ளவரல்லவே என்று எபிரெயரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு உன் முகம்தான் வருகிறது. பேதுருவே வெட்கப்படாமல், எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டான். அவனை ஆண்டவர் திட்டவில்லை. நூறத்தனை என்று பதில் சொன்னார்.

ஆனால் ஆண்டவர் சொன்னதை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்று யோசித்துப் பார். நீ போனில், அம்மாவுக்கு முதுகில் மறுபடி சிவந்திருக்கிறது, ராத்திரி மூன்று தரம் எழுந்தேன், எனக்கு இடுப்பு வலி என்பாய். நான் "கர்த்தர் உனக்குப் பலன் தருவார் அக்கா" என்பேன். அதற்கு மேல் நீ என்ன பேச முடியும்? நீ கொஞ்சம் சும்மா இருப்பாய். அப்புறம் "சரிடா, வைக்கிறேன்". நான் மனசு லேசாகி வேலையைப் பார்க்கப் போவேன். உனக்கு நான் கொடுக்க வேண்டியதை அவர் பெயரில் எழுதிவிட்டு வந்தேன், ஒவ்வொரு வாரமும், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

எனக்கும் சொல்ல ஏதாவது இருக்கத்தான் இருக்கிறது. நான் தூரத்தில் இருந்தேன், பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள், மாதாமாதம் அனுப்பினேன். இதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் நான் அங்கே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தெரியுமா? பிரசங்கத்துக்காக, பரலோகத்தில் எல்லாருக்கும் ஒரே பலனா, ஏற்றத்தாழ்வு உண்டா என்று படித்துக்கொண்டிருந்தேன். நாலாம் நூற்றாண்டில் ஜோவினியன் என்ற துறவி, ஞானஸ்நானத்தைக் காத்துக்கொண்ட எல்லாருக்கும் ஒரே பலன்தான் என்றார். வேத அறிஞர் ஜெரோமுக்கு வந்ததே கோபம், 393இல் அவரை எதிர்த்து ஒரு புத்தகமே எழுதிவிட்டார். பிஷப் அகுஸ்தீன் வேறு பக்கமாக வந்தார்: தேவன் நம்முடைய நற்செயலுக்கு முடிசூட்டும்போது தாம் கொடுத்த ஈவுக்குத்தான் முடிசூட்டுகிறார் என்றார். 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம், சீர்திருத்தக்காரர்களுக்குப் பதிலாக, நற்கிரியைக்குப் பலன் உண்டு என்று அழுத்திச் சொன்னது. எல்லாம் எனக்கு மனப்பாடம். 393 ஞாபகமிருக்கிறது. அம்மாவுக்கு முதல் படுக்கைப்புண் எந்த வருஷம் வந்தது என்று யாராவது கேட்டால் நான் உனக்குப் போன் போட வேண்டும்.

அந்த ராத்திரியை நீ மறந்திருப்பாய். எனக்கு மறக்கவில்லை.

நான் வந்து இரண்டாம் நாள். இரண்டு மணி இருக்கும். காற்றுமெத்தையின் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. துணி நனைந்திருக்கிறது, மாற்ற வேண்டும், கொஞ்சம் எழுந்து வா என்று கூப்பிட்டாய். நீ அம்மாவை உன் பக்கமாக ஒருக்களித்துச் சாய்த்து, ஒரு கையால் தோளையும் ஒரு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டாய். நான் பழைய துணியை நீளவாக்கில் அம்மா முதுகோடு ஒட்டிச் சுருட்டினேன். புதுத்துணியில் பாதியை விரித்து மீதியைச் சுருட்டி அதன் பக்கத்திலேயே செருகச் சொன்னாய். "இந்த மேட்டைத் தாண்டணும்மா, கொஞ்சம்தான்" என்று அம்மாவிடம் சொல்லி, மெதுவாக அந்தச் சுருளுக்கு மேலே உருட்டி என் பக்கம் கொண்டுவந்தாய். இப்போது தாங்கிப் பிடிப்பது என் முறை, பழையதை உருவிப் புதியதை இழுப்பது உன் முறை. ஒரு சுருக்கம்கூட இருக்கக்கூடாது, சுருக்கம் இருந்தால் காலையில் அந்த இடம் சிவந்திருக்கும் என்றாய். அம்மாவை மல்லாக்கப் படுக்க வைத்த பிறகு, கடைசியாக ஒருமுறை துணியை இரண்டு பக்கமும் பிடித்து விறைப்பாக இழுக்க வேண்டியிருந்தது. உன் கை மணிக்கட்டு வரைக்கும் நடுங்குகிறதைப் பார்த்தேன். எனக்கு நெஞ்சு அடைத்தது. ஒரு கையை உயர்த்தி, ஆசீர்வாதம் கூறுகிற மாதிரி, "அக்கா, உனக்குப் பரலோகத்தில் எவ்வளவு பெரிய கிரீடம் இருக்கு தெரியுமா" என்றேன்.

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கிரீடம் இருக்கட்டும்டா. அந்தப் பக்கத்தைப் பிடி" என்றாய்.

கையை உயர்த்தினபோது என் பக்கத்து முனையை விட்டுவிட்டிருக்கிறேன். துணி நடுவில் கசங்கிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. அம்மாவின் வாய் ஓரம் லேசாக இழுத்தது. அவள் சிரித்தாளா, பக்கவாதத்தில் வாய் அப்படித்தான் கோணியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும். உன்னிடம் நான் கேட்டதில்லை.

சரி, இனி எனக்குக் கோபம் வருகிற இடம்.

உதவிக்கு ஆள் வைக்கலாம் என்று நான் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் "அம்மாவைக் கூலிக்காரர் கையில் விடமாட்டேன்" என்றாய். நான் அழைத்துப் போய் வைத்துக்கொள்கிறேன் என்றதற்கு, உனக்கு அவள் மூச்சு மாறுவது தெரியுமா என்று கேட்டாய். தெரியாதுதான், நீ தெரிந்துகொள்ள விடவில்லையே! கஷ்டம் முழுவதையும் நீ எடுத்துக்கொண்டதாக எல்லாரும் சொல்கிறார்கள், அது உண்மை, ஆனால் அம்மாவையும் நீதான் முழுசாக எடுத்துக்கொண்டாய். நாலு வருஷம். எனக்குக் கிடைத்தது கைபேசித் திரையில் ஒரு நெற்றி, அரை முகம், "அம்மா, தம்பி பேசுறான்" என்று உன் குரல். அப்புறம் அத்தையிடம், அவனுக்கு மேடையில் கிரீடம், எனக்குக் கட்டிலடியில் வாளி என்று சொன்னாயாமே. எனக்கு வந்து சேர்ந்தது. சொன்னது தப்பில்லை. என்னிடம் சொல்லியிருக்கலாம்.

கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரியில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும். நான் உள்ளே வந்ததும் அம்மாவின் கண் அப்படித் திறந்தது, நீ பார்த்தாய், சட்டென்று திரும்பி ஜன்னலைச் சாத்தினாய். ஏற்கெனவே சாத்தியிருந்த ஜன்னல். திராட்சத்தோட்டக் கதையில் பதினோராம் மணி வேளையில் வந்தவனுக்கும் ஒரு பணம், காலையிலிருந்து நின்றவனுக்கும் ஒரு பணம். "பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே" என்று முறுமுறுத்தவர்களை நான் எத்தனை மேடையில் திட்டியிருக்கிறேன், பொறாமைக்காரர்கள் என்று. அன்றைக்குத்தான் அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு முதுகைப் பார்த்தேன்.

கத்தோலிக்கப் புனிதை குழந்தை தெரசாள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, பரலோகத்தில் எல்லாருக்கும் சமமான மகிமை ஏன் இல்லை என்று கவலைப்பட்டாளாம். அவள் அக்கா பவுலின் அப்பாவின் பெரிய டம்ளரையும் தையல்காரர் விரலில் போடுகிற அங்குஸ்தானையும் எடுத்துவைத்து, இரண்டிலும் தண்ணீரை விளிம்புவரை ஊற்றி, எது அதிகமாக நிறைந்திருக்கிறது என்று கேட்டாளாம். இரண்டும் நிறைவுதான், இதற்கு மேல் ஒரு சொட்டுக் கொள்ளாது. நம் சபையில் கத்தோலிக்கப் புனிதர்களை யாரும் சொல்வதில்லை, சொன்னால் நாளைக்குக் கேள்வி வரும், வரட்டும். நான் அந்த அங்குஸ்தானாக இருந்துவிட்டுப் போகிறேன். டம்ளர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருபத்துநாலு மூப்பர்கள் தங்கள் கிரீடங்களைச் சிங்காசனத்துக்கு முன்பாக வைக்கிற காட்சி வெளிப்படுத்தலில் வருகிறதே, அங்கேயும் நீ "வைத்துவிட்டுச் சீக்கிரம் வா, வேலை கிடக்கிறது" என்றுதான் சொல்லப்போகிறாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜெபம் முடிந்து கிளம்பும்போது அலமாரியிலிருந்து உன் நோட்டுகளில் ஒன்றை எடுத்து வந்துவிட்டேன். கேட்காமல் எடுத்தது தப்புதான். அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்த கணக்கு, நேரம் போட்டுப் பக்கத்தில் இ, வ, இ, வ என்று, இடது, வலது. மருந்து, சிறுநீர் அளவு, ஒரு இடத்தில் "இன்று நகம் வெட்டினேன்". நாளைக்குப் பத்து வரி என்று வைத்தாலும் வருஷத்துக்கு 3,650. புஸ்தகங்கள் திறக்கப்பட்டன என்ற வசனத்தை நான் பயமுறுத்தத்தான் பயன்படுத்துவேன். இப்படிக் கோணல்மாணலாக, பால்பாயின்ட் பேனா மை கசிந்து, ஈரக்கை பட்டு அழிந்த எழுத்தில் அது இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த ராத்திரியின் பக்கத்தைத் தேடினேன். இருக்கிறது. 2.10, வ, பக்கத்தில் "தம்பி". அவ்வளவுதான். துணியை விட்டது, மறுபடி செய்தது, கிரீடம், ஒன்றும் இல்லை. பாராட்டாக எழுதினாயா, குற்றப்பத்திரிகையாகவா? அந்த நோட்டு முழுவதிலும் என் பெயர் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. ஒருநாள் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது, மறுநாள் பார்த்தால் மூடி வைத்துவிடுகிறேன்.

ரோமர் நாலில், வேலை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபை என்று எண்ணப்படாது, கடன் என்றே எண்ணப்படும் என்கிறார் பவுல். தேவனிடத்தில் நம் கிரியையைக் காட்டிக் கடன் கேட்க முடியாது என்பதற்குச் சொன்னது. நான் அதை நமக்குள் வைத்துப் படித்தேன். உனக்கு அவர் என்ன தருவார் என்பது அவருக்கும் உனக்கும் உள்ள விஷயம், இனிமேல் அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அந்தக் காகிதம் தபாலில் வரும். அது பரிசு இல்லை, தியாகத்துக்கு வெகுமதி இல்லை, என் பெருந்தன்மை நிச்சயமாக இல்லை. பாக்கி. முழுசும்கூட இல்லை. கோபத்தில் கிழித்துவிடாதே, மறுபடி எல்லாம் அலைய வேண்டும்.

வருகிற மாதம் பத்து நாள் வந்து இருக்கிறேன். மேடைக்கு யாராவது கூப்பிட்டால் வரவில்லை என்று சொல்லிவிடு. உன் இடுப்பு வலிக்கு டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும், நாலு வருஷமாகத் தள்ளிப் போட்டது. நீ மாட்டேன் என்பாய், நான் கூட்டிப் போவேன்.

நோட்டு என்னிடமே இருக்கட்டும். வேண்டுமென்றால் கேள், தருகிறேன். ஆனால் கேட்காதே.

தம்பி