17 வகைத் தக்காளிக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். இந்தப் பருவத்தில் என் வீட்டுத் தோட்டத்தில் 17 வகைத் தக்காளிகள் காய்த்தன. பார்க்க வருகிறவர்கள் என்னைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். அதில் பெரும்பகுதி எனக்கு உரியதன்று என்பதை வாசலில் நின்றபடி விளக்க முடிவதில்லை என்பதால் இந்த மடலை எழுதுகிறேன். கூச்சப்படுகிறவர்கள் இருப்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி, நான் இன்னும் நேரில் பார்த்திராத, விதை அனுப்பிய அக்காவுக்கு. பழைய நாட்காட்டித் தாளை மடித்துச் செய்த பொட்டலங்கள் ஒவ்வொன்றிலும் வகையின் பெயரும் விதை எடுத்த ஆண்டும் பென்சிலால் எழுதியிருந்தீர்கள். பிராண்டிவைன், செரோக்கி பர்ப்பிள், பிளாக் கிரிம், சான் மார்சானோ, கிரீன் ஸீப்ரா என்று படித்துக்கொண்டே போனபோது, தக்காளி என்றால் சிவப்பு, உருண்டை என்று அதுவரை நினைத்திருந்தது எனக்கே வெட்கமாக இருந்தது. பிராண்டிவைன் நாற்று விளிம்பில் வெட்டுகளின்றி இலை விட்டதைக் கண்டு, உருளைக்கிழங்குச் செடி எதுவும் கலந்துவிட்டதா என்று கேட்டு எழுதினேன். அந்த வகையின் இலையே அப்படித்தான் என்றும், இரண்டும் ஒரே குடும்பம்தானே என்றும் சிரிக்காமல் பதில் எழுதினீர்கள். செரோக்கி பர்ப்பிளின் கதையையும் நீங்கள்தான் சொன்னீர்கள்: 1990இல் அமெரிக்காவின் டென்னசியிலிருந்து ஒருவர் பெயரில்லாத விதையாக அதை அஞ்சலில் அனுப்ப, அதை வளர்த்துப் பார்த்த தக்காளி ஆர்வலர் கிரெய்க் லெஹூலியர் அந்தப் பெயரைச் சூட்டினாராம்.

அடுத்து, தோட்டக்கலையில் பழுத்த அனுபவமுள்ள பக்கத்து வீட்டு ஐயாவுக்கு. முதல் தடவை விதைத்த நாற்றுகள் ஒரே இரவில் தண்டின் அடி கறுத்து, மெலிந்து, சாய்ந்துவிட்டன. விதையின் மேல் பழி போடவிருந்த என்னைத் தடுத்து, அது நாற்றழுகல் என்றும், காரணம் என் கையிலிருக்கும் பூவாளிதான் என்றும் சொன்னீர்கள். இரண்டாவது தடவை பிழைத்த நாற்றுகளை, அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் பாதிவரை மண்ணில் புதைக்கச் சொன்னபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. புதைந்த தண்டு முழுவதும் வேர் விடும் என்பதை, தொட்டி மாற்றியபோது கண்ணால் பார்த்த பிறகே நம்பினேன். சான் மார்சானோவின் காய்கள் நுனியில் தோல்போல் கறுத்து அழுகியபோது சுண்ணாம்புச் சத்தைத் தேடி அலைந்தேன். நீங்களோ மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “சுண்ணாம்பு இருக்கிறது, அம்மா; ஒருநாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்றால் அது எப்படிக் காய்க்குப் போய்ச் சேரும்?” என்றீர்கள். மூடாக்குப் போட்டு, அளவாகத் தண்ணீர் விடத் தொடங்கிய பிறகு வந்த கொத்துகளில் அந்த அழுகல் ஏறக்குறைய இல்லை.

என் தம்பி மகளுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். மூன்று பக்கமும் சுவர் சூழ்ந்த இடம் என்பதால் காற்றாட்டம் இல்லாமல், பூக்கள் பூத்துப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தன. தக்காளிப் பூவின் மகரந்தம் குழல்போல் சேர்ந்த மகரந்தப் பைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. அதிர்ந்தால்தான் வெளியே வரும். தேன்கூடு கட்டும் தேனீக்களுக்கு அப்படி அதிரச் செய்யத் தெரியாது. மரத்தைத் துளைத்து வாழும் தச்சுத் தேனீயைப் போன்ற வேறு சில தேனீ இனங்கள்தான் அதைச் செய்யும். பாடத்தில் படித்ததை நினைவில் வைத்திருந்த அந்தப் பெண், பழைய மின் பல்துலக்கியை எடுத்துவந்து பூக்கொத்தின் காம்பில் இரண்டு நொடி வைத்தாள். கீழே பிடித்திருந்த கறுப்புத் தாளில் மெல்லிய மஞ்சள் தூள் விழுந்தது. நாங்கள் இருவரும் மூச்சுவிட மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விடுமுறை முடியும்வரை காலை பத்து மணிக்கு அவள் தவறியதில்லை. ஒரு வாரத்தில் மிளகளவுப் பிஞ்சுகள் தெரிந்தன.

கிரீன் ஸீப்ரா சிவக்கும் என்று காத்திருந்து நான் அழுகவிட்ட பழங்கள் கொஞ்சமல்ல. டாம் வாக்னர் என்ற அமெரிக்கர் உருவாக்கி 1983இல் வெளியிட்ட அந்த வகை பழுத்தாலும் பச்சைதான். கோடுகளுக்கு இடையே மஞ்சள் படர்ந்து, விரலுக்கு மெத்தென்று இருந்தால் பறிக்கலாம் என்று அழுத்திப் பார்த்துக் கண்டுபிடித்தவர் எதிர்வீட்டு அத்தை. அந்தப் புளிப்பும் இனிப்பும் கலந்த முதல் துண்டு அவருக்கே போய்ச் சேர்ந்தது என்பதில் எனக்கு நிறைவு. நான் ஊரில் இல்லாத ஒன்பது நாட்களும் தண்ணீர் விட்ட மாடி வீட்டுத் தம்பிக்கும், பந்தலுக்குக் கொம்பு நட்டுக் கொடுத்த என் கணவருக்கும் நன்றி. சன்கோல்ட் என்ற தக்காளி, இரு வகைகளைக் கலந்து உருவாக்கிய கலப்பினம் என்பதால் அதன் விதையை எடுத்துப் பயனில்லை என்று எச்சரித்த நண்பருக்கும் நன்றி. கேட்காமல் விதைத்து, ஆளுக்கொரு சாயலாகக் காய்த்த செடிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்காவுக்கு ஒரு செய்தியோடு முடிக்கிறேன். அழியாது என்று நம்பி வாங்கிய மை ஒரே மழையில் அழிந்ததால், செரோக்கி பர்ப்பிளும் பிளாக் கிரிமும் அருகருகே பெயரின்றி நிற்கின்றன. இரண்டுக்கும் தோள் பச்சை, இரண்டுக்கும் உட்சதை இருண்ட செம்மை. எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. விதைகளைச் சாற்றோடு மூன்று நாள் புளிக்கவிட்டு, வழவழப்பு நீங்கக் கழுவித் தாளில் உலர்த்தியிருக்கிறேன். ‘இடது செடி’, ‘வலது செடி’ என்று பென்சிலால் எழுதிய இரண்டு பொட்டலங்கள் அடுத்த வாரம் உங்களுக்கு வந்து சேரும். வளர்த்துப் பார்த்துப் பெயரைச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் தோட்டத் தங்கை