மனிதவளத் துறைக்கு: என் கோட்டின் லைனிங் பற்றி

மனிதவளத் துறையினருக்கு வணக்கம்.

வாடிக்கையாளர் கூட்டங்களுக்கு எப்படி உடுத்தி வரவேண்டும் என்று போன வாரம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். சூட் கட்டாயம் என்பதில் எனக்கு வழக்கில்லை. 11 ஆண்டுகளாகச் சென்னை வெயிலில் கோட்டுப் போட்டுப் பழகியவள் நான். ஆனால் கருப்பு, கருநீலம், சாம்பல் தவிர வேறு நிறம் கூடாது, சட்டை வெள்ளையாகவே இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, 'கண்ணை ஈர்க்கும் லைனிங்' கூடாது என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்களே, அது யாரைக் குறித்து எழுதியது என்று எங்கள் மாடியில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த லைனிங் அம்மாவின் கல்யாணப் பட்டு. காஞ்சிபுரத்தில் எடுத்தது, அரக்கு நிறம். மடிப்பு மடிப்பாகக் கிழிய ஆரம்பித்துவிட்டது, இனிக் கட்ட முடியாது. கிழியாத பாகத்தைப் புரசைவாக்கத்தில் என் தையற்காரரிடம் கொண்டுபோனேன். விரல்களுக்கிடையில் கசக்கிப் பார்த்தார். "முதுகுக்குத் தாங்கும். அக்குளில் வைத்தால் வியர்வை தின்றுவிடும், அங்கே பருத்தி வைக்கிறேன்" என்றார். ஜரிகைக் கரையை உள்பாக்கெட்டின் வாயில் ஒரு விரற்கடை அகலத்துக்கு மட்டும் பிடித்துத் தைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் கருநீலக் கோட்டு. வாடிக்கையாளர் கூட்டம் நடந்த அன்று அறையில் ஏ.சி. வேலை செய்யவில்லை, கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினேன். அதுதான் குற்றம். (வந்திருந்த வாடிக்கையாளர் அது எந்த ஊர்ப் பட்டு என்று ஆசையாக விசாரித்தார். புகார் எழுதியவர் அதை மட்டும் விட்டுவிட்டார்.)

சூட்டின் மிடுக்கு நிறத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. தோள் தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். சட்டைக் கைமுனை கோட்டுக்கு வெளியே ஒரு சென்டிமீட்டராவது தெரிய வேண்டும். கடையில் வாங்கிய கோட்டென்றால் முதுகுப் பிளவில் குறுக்காகப் போட்டிருக்கும் தற்காலிகத் தையலைப் பிரித்துவிட வேண்டும். நம் மேலதிகாரிகளில் மூவர் அந்தத் தையலோடும், கோட்டுக் கையில் பிரிக்காத கம்பெனி லேபிளோடும்தான் உலவுகிறார்கள். சுற்றறிக்கை அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. மே மாதத்தில் பாலியெஸ்டர் கோட்டுக்குள் உட்கார்ந்து பாருங்கள், புரியும். கோடையில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற இடங்களில் வழக்கறிஞர்களுக்கே கருப்புக் கோட்டுக் கட்டாயமில்லை என்கின்றன பார் கவுன்சில் விதிகள். இந்த ஊரின் பெயரைத் தாங்கிய மெட்ராஸ் கட்டம் போட்ட பருத்தியில் கோட்டுத் தைத்து 1960களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் பகட்டாக உலவினார்கள். துவைக்கத் துவைக்கச் சாயம் கசிவதையே பெருமையாகச் சொல்லி அங்கே விற்றார்கள். பயப்படாதீர்கள், கட்டம் போட்ட கோட்டில் நான் வரப்போவதில்லை.

வெளிநிறத்தை நீங்களே முடிவு செய்யுங்கள். சட்டை, லைனிங், காதில் கிடக்கும் ஜிமிக்கி இவற்றை எங்களிடம் விட்டுவிடுங்கள். கோடையில் பாதி லைனிங் வைத்த கோட்டு, லினன் கோட்டு இரண்டும் போதும் என்று எழுதிச் சேருங்கள்.

திங்கட்கிழமை பெங்களூருவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நான் அதே கோட்டில்தான் வருவேன். அதற்குள் கூட்ட அறை ஏ.சி.யைப் பழுது பார்த்துவிட்டால் அதைக் கழற்ற வேண்டிய தேவை எனக்கு வராது.